தரைக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

அந்தக் காலத்தில் வெயில் இப்படியா அடித்தது என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் வயசுக்காரிகளே, உங்களைத்தான் சொல்கிறேன். சாயங்காலமானால் கம்பெனி பஸ் நிற்கும் நிழற்குடையில் வரிசையாக உட்கார்ந்துகொள்கிறீர்கள். ஏரி இருந்தது, தோப்பு இருந்தது, மனுஷர்கள் மனுஷர்களாக இருந்தார்கள் என்கிறீர்கள். நானும் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் படியுங்கள்.

ஏரி இருந்தது, உண்மைதான். அந்த ஏரியில் சித்திரையிலும் தண்ணீர் நின்ற வருஷத்தில்தான் என் அப்பா ஊர் நடுவில் வெந்து செத்தார். மனுஷர்கள் இருந்தார்கள், அதுவும் உண்மைதான். சுற்றி நின்றார்கள். உங்களில் சிலருடைய அப்பாக்களும் நின்றார்கள்.

அஞ்சாவது பரீட்சை எழுதி லீவு விட்டிருந்த நேரம். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தார். இப்போது பெரிய குடோன் வந்து லாரிகள் திரும்புகிற இடம்தான் அந்தச் சூளை. ஏரி மண்ணை மிதித்துக் குழைத்து, மர அச்சில் அடித்து, பச்சைக் கல்லாக வரிசை வரிசையாகக் காயவைப்பார்கள். அந்த ஈர மண்ணின் வாசனை அப்பாவின் தலைமுடியில்கூட இருக்கும். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் கெஞ்சிக் கெஞ்சி நானும் ஒரு கல் அடித்தேன். அச்சைத் தூக்கியதும் ஒரு பக்கம் சரிந்துபோயிற்று.

"இன்னா கல்லு இது? உன் மூஞ்சாட்டம் கோணிக்கினு கீது" என்று அப்பா சிரித்தார். ஆனால் அதை அழிக்கவில்லை. மற்றக் கற்களோடு காயவைத்தார். அது எந்தச் சுவரில் போய்ச் சேர்ந்ததோ, அந்தச் சுவரும் இப்போது இருக்கிறதோ இல்லையோ.

அப்பா குடிப்பார். அதை நான் மறைக்கவில்லை. தோப்புக்குள் திருட்டுச் சாராயம் காய்ச்சிய காலம். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வருகிற நடையைப் பார்த்தே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஆனால் அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள், அம்மா எதுவும் கேட்காமலே, "இந்த வாட்டி காப்பு கட்டிக்கினு தீ மிதிக்கப் போறேன். அதோட வுட்டுடறேன்" என்றார். அம்மா நம்பவில்லை. பங்குனி போயிற்று, தொடவில்லை. சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் காப்பு கட்டினார்கள். மஞ்சள் கிழங்கு முடிந்த நூலை வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தபோது அம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாண நகையைக்கூட அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

காப்பு கட்டினால் என்னென்ன விரதம் என்று உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் சாப்பாடு கிடையாது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து ஒருவேளைச் சோறு. அடுத்தவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது, எச்சில் படக் கூடாது. தீமிதி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சூளையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. ஒரே தகரக் குவளையை எல்லாரும் வாய் வைத்துக் குடிப்பார்கள். அதனால் அப்பா அதைத் தொடமாட்டார். தினமும் உச்சி நேரத்தில் நான்தான் வீட்டுத் தண்ணீரைப் பித்தளைச் சொம்பில் எடுத்துக்கொண்டு போவேன். அண்ணாந்து மடக்மடக்கென்று ஒரே மூச்சில் குடிப்பார். கடைசி வாய்த் தண்ணீரை என் தலையில் தெளித்து, "போ, ஓடு" என்பார்.

சூளைக்கு நெருப்பு வைக்கிற நாள் வந்தது. அன்றைக்குப் பெண்பிள்ளைகள் சூளைக்குக் கிட்டே வரக் கூடாது என்று ஒரு வழக்கம். வந்தால் கல் வேகாதாம். கல் வேகாதாம்! எனக்கு அது தெரியாது, சொம்போடு போய்விட்டேன். மேஸ்திரி பனைமட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கையை நீட்டித் தடுத்தார்.

"ஏ பொண்ணு, அங்கியே நில்லு. இன்னிக்கி இன்னா நாளு, தெரியாது?"

"நைனாவுக்குத் தண்ணி."

"குடு, நான் குடுக்கறேன். நீ போ, போ."

சூளையின் அடிவாயில் அப்பா விறகு தள்ளிக்கொண்டிருந்தது தெரிந்தது. மேலே சித்திரை வெயில், முன்னால் நெருப்பு. இடுப்பில் ஒரு துண்டு. எட்ட நின்றிருந்த எனக்கே கண் எரிந்தது. சொம்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது மட்டைக் குவியலின் நிழலில் அப்படியே இருந்தது என்று பிறகு தெரிந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை. மேஸ்திரியை அம்மா கேட்டபோது அவர் சொன்னது இது: "அவன் கேக்கல. நான் குடுக்கல."

இந்த நாலு வார்த்தையை நான் இத்தனை வருஷம் மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்று மத்தியானம் கோயில் பந்தலில் பாரதம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே பந்தல் நிழலில் இருந்தது. நானும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரைப் பக்கமிருந்து அப்பா வந்தார். நேராக வரவில்லை. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. வேலை முடித்து வருகிறவர் உடம்பில் எப்போதும் வேர்வை ஒழுகும். அன்று ஒரு சொட்டு இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி காய்ந்திருந்தது. யாரையோ பார்த்து, "கறுப்பா, திரும்புடா, திரும்பு" என்று அதட்டினார். கறுப்பன் எங்கள் வீட்டு மாடு. நான் பிறப்பதற்கு முன்பே அதை விற்றுவிட்டார்களாம்.

பந்தலில் ஒருவன் கத்தினான். "ஆட்டம் கட்டிட்டான் பாரு! கூத்துக்காரன் வேஷம் போடறதுக்கு முன்னாடியே இவன் எறங்கிட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் முகத்தையே பார்த்தேன். அப்பா பந்தலுக்குள் ஒரு கால் வைத்தார், வாந்தி எடுத்தார், அங்கேயே விழுந்தார். சிரிப்பு நின்றது.

"டேய், காப்பு கட்டின கையோட குடிச்சிட்டு வந்துகிறான்டா!"

நாட்டாமை எழுந்து வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மன் வாசல்ல அசிங்கம் பண்ணிட்டான். நெருப்பு மிதிக்கிற அத்தினி பேருக்கும் இல்ல கால் வேகும்? இஸ்துக்கினு போய் வெளிய போடுங்கடா" என்றார். நாலு பேர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து நிழலிலிருந்து இழுத்துக்கொண்டு போய் எதிரே மொட்டைத் திடலில் போட்டார்கள். நாட்டாமை இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து மணிக்கட்டு நூலை அறுத்தார். அப்பாவின் விரல்கள் அதைத் தேடுவதுபோல மடங்கி மடங்கி விரிந்தன.

அதன்பிறகு நடந்ததை மெதுவாக எழுதுகிறேன். அவசரமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். கோயிலில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். வேப்பிலை போட்ட, குளுகுளுவென்ற தண்ணீர். அதை எடுத்துவந்து, அப்பா விழுந்த தரையில் ஊற்றிக் கழுவினார்கள். தீட்டுப் போக வேண்டுமாம். ஒரு குடம், மறுபடி ஒரு குடம். மண் குடித்தது. தூசி அடங்கிக் குளிர்ச்சியான வாசனை வந்தது. பத்தடி தள்ளி மனுஷன் கொதித்துக்கொண்டு கிடந்தான். அவன் மேல் ஒரு கை தண்ணீர் தெளிக்கவில்லை.

நான் ஓடிப்போய், களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா முதலில் கோபத்தோடுதான் வந்தாள். திட்டிக்கொண்டே குனிந்தாள். அப்பாவின் வாயருகே மூக்கை வைத்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"வாசனை இல்லீங்க! வாயில வாசனையே இல்லீங்க! ஒடம்பு நெருப்பாட்டம் கொதிக்குதுங்க!"

"வெயில்ல கெடந்தா கொதிக்காம இன்னா பண்ணும்? போதை எறங்கட்டும், தானா எழுந்து வருவான்" என்றார் நாட்டாமை.

அம்மா குடத்தைத் தூக்கப் போனாள். "அம்மன் தண்ணிய தொடாத" என்று தட்டிவிட்டார்கள். நான் வீட்டுக்கு ஓடித் தவலையில் தண்ணீர் கொண்டுவந்தேன். அம்மா அதை அவர் உடம்பில் ஊற்றப்போனபோது ஒரு பெரியவர், "கொதிக்கிற ஒடம்புல பச்சத் தண்ணி ஊத்தாதம்மா, ஜன்னி கண்டுடும். வாயில ஊத்து" என்றார். அவர் ஒருவர்தான் நல்லெண்ணத்தோடு பேசினார். அதுவும் தப்பாகப் போயிற்று. நினைவில்லாதவர் வாயில் அம்மா தண்ணீர் ஊற்றினாள். புரையேறியது. கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அப்பாவின் கையில் திணித்தார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமாம். காப்பு இருந்த கையில் சாவி.

"ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். யாராச்சும் வண்டி கட்டுங்களேன்" என்று அம்மா ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். வண்டி இருந்தது, மாடு இருந்தது. ஓட்டத் தெரிந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் காப்பு கட்டியிருந்தார்கள். காப்பு கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது. "உனக்குத் தெரியாதா, எங்களை இன்னா பண்ணச் சொல்ற?" என்று அம்மாவையே கேட்டார்கள். அந்த ஊரில் எல்லையைத் தாண்டலாம் என்றிருந்த ஆண் ஒரே ஒருவர்தான். அவர் காப்பைத்தான் நாட்டாமை அறுத்திருந்தார்.

அம்மாவும் நானுமாக அவரைப் புங்கமரத்தடிக்கு இழுத்தோம். வெயில் சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. திருவிழாவில் சாவு விழுந்தால் கோயில் விளக்கு ஏற்ற முடியாது, சீக்கிரம் எடு என்றார்கள். மேளம் இல்லை. அழுகைச் சத்தமும் கேட்கக் கூடாது என்றார்கள். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். தீமிதி நடந்தது. யாருக்கும் கால் வேகவில்லை. குடிகாரனை வெளியே போட்டதால்தான் அம்மன் காப்பாற்றினாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மா சாகும்வரை எங்கே பேச்சு வந்தாலும் "வாசனை இல்ல" என்பாள். எந்தப் பொண்டாட்டிதான் ஒத்துக்கொள்வாள் என்று ஊர் சொல்லிவிட்டது. என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் குடிகாரன் மகள் என்றுதான் பெயர். வருஷா வருஷம் காப்பு கட்டுகிற அன்று நாட்டாமை அந்தக் கதையைச் சொல்வார். ஒரு சூளைக்காரன் இருந்தான், காப்பு கட்டிக்கினு சாராயம் குடிச்சான், அம்மன் வாசல்லியே அவனைச் சுட்டுப்போட்டா. அவருக்குப் பின் அவர் மகன் சொன்னார். இப்போது பேரன் மைக்கில் சொல்கிறான். நானும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு என்னதான் நடந்தது என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்லி மறுப்பது?

இந்த வருஷம் தெரிந்தது. நீங்களும்தான் அன்று கூட இருந்தீர்கள். பங்குனி கடைசியில், ரேஷன் வாங்கிவிட்டு மத்தியானம் நாம் நிழற்குடையில் ஒதுங்கியிருந்தபோது, எதிரே லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வடக்கத்தி ஆள் தள்ளாடி வந்து விழுந்தான். முகம் அதே நிறம். தனக்குத்தானே இந்தியில் ஏதோ குழறினான். டீக்கடைக்காரர், "பட்டப்பகல்லியே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு" என்றார். நீங்கள், என் தோழிகள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தீர்கள். என்னால் மட்டும் உட்கார முடியவில்லை. ஆனால் நாலு பேர் நடுவில் பேசவும் வரவில்லை.

கம்பெனி கேட்டிலிருந்து நர்ஸ் பொண்ணு ஓடிவந்தாள். ஆளைப் பார்த்ததும், "பேச்சு குழறுது. ஹீட் ஸ்ட்ரோக். 108க்கு அடிங்க! புடிங்க, நெழலுக்குத் தூக்குங்க!" என்றாள். சட்டையைக் கழற்றினாள். "தண்ணி கேன் எல்லாம் எடுத்தாங்க. ஊத்துங்க!"

டீக்கடைக்காரர் சோடாவை உடைத்து அவன் வாயருகே கொண்டுபோனார். "வாயில இல்லண்ணா! நெனப்பு இல்லாதவனுக்கு வாயில ஊத்தினா மூச்சுக்குழல்ல போயிடும். ஒடம்புல ஊத்துங்க, ஒடம்பு பூரா!" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். கேன் கேனாக ஊற்றினார்கள். ஜூஸ் கடை ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தாள். அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறச் சொன்னாள். வாந்தி வந்தபோது ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ஆம்புலன்ஸ் வருகிறவரை ஊற்றுவதை நிறுத்தவே விடவில்லை. அவன் கண் திறந்து யாரையோ தேடியதை நான் பார்த்தேன். பிழைத்துவிட்டான்.

எல்லாரும் போனபின் அவளிடம் போனேன். எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பச்சத் தண்ணி ஊத்தினா ஜன்னி வராதாம்மா?"

"அதெல்லாம் இல்ல ஆயா. சூடு மூளைக்கு ஏறுது, அதான் ஆளக் கொல்லுது. எவ்ளோ சீக்கிரம் குளிர வைக்கறமோ அவ்ளோ நல்லது."

"வேர்வையே வராம காஞ்சி கெடந்தா?"

"சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு வேர்க்காது. தடுமாறி, சம்பந்தமில்லாமப் பேசினாலே ஆபத்துதான். நெறைய பேரு குடிச்சிட்டான்னு வுட்டுடறாங்க ஆயா, அதுலதான் போயிடறாங்க."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்குத்தான் வெயில் அடித்துவிட்டது என்று பயந்து தலையில் தண்ணீர் தெளித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது. மருந்து வேண்டாம், டாக்டர் வேண்டாம். நிழலும் தண்ணீரும் போதுமாயிருந்திருக்கலாம். இரண்டும் பத்தடியில் இருந்தன.

அடுத்த வாரம் காப்பு கட்டினார்கள். நாட்டாமையின் பேரன் கம்பெனியில் சூப்பர்வைசர், லீவு போட்டுவிட்டு வந்து மைக் பிடித்தான். நல்ல பிள்ளைதான். "ஒரு சூளைக்காரன் இருந்தான்" என்று ஆரம்பித்தான். நான் எழுந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன்.

"இன்னா ஆயா, உக்காரு, பிரசாதம் அப்புறம்தான்."

"அந்தக் கதையில செத்தது எங்க நைனா."

அவன் சட்டென்று மைக்கை உள்ளங்கையால் பொத்தினான். "தெரியாது ஆயா. தாத்தா சொல்லுவாரு, அதையே நானும் சொல்லிக்கினு வரேன்."

"அவரு குடிக்கல. வெயில் அடிச்சி விழுந்தாரு."

"சரி ஆயா, கோச்சிக்காத. இனிமே அந்தக் கதைய வுட்டுடறேன். போதுமா?"

"போதாது. வுடாத. நடந்ததைச் சொல்லு. தாகத்தோட நெருப்பு முன்னாடி நின்ன ஆளு, தலைக்குச் சூடு ஏறித் தள்ளாடிக்கினு வந்தான்னு சொல்லு. உன் தாத்தா அவனை நெழல்லேர்ந்து இஸ்து வெயில்ல போட்டாருன்னு சொல்லு. தரைக்கு ஊத்தின தண்ணிய அவன் மேல ஊத்தலன்னு சொல்லு. குடிச்சவனோ குடிக்காதவனோ, வெயில்ல எவன் விழுந்தாலும் நெழல்ல போட்டு ஒடம்பு பூரா தண்ணி ஊத்தணும்னு சொல்லு. விரதம் இருக்கறவன் தாகம்னா பொதுப் பானையிலயும் தண்ணி குடிக்கலாம்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்கின்னா எல்லையைத் தாண்டலாம்னு சொல்லு."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அத்தனை பேசியதில்லை. அவன் மைக்கைப் பொத்திய கையை எடுக்கவில்லை. கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"அப்டி சொன்னா, கதையில அம்மன் எங்க ஆயா வர்றா?"

"வர்ல" என்றேன். "யாருமே வர்ல."